உலாவும் ஆற்றுப்படையும்: பத்துமலையை முன்வைத்துச் சுற்றுலாவைப் பற்றிச் சில கருத்துகள்

ஆண்டுதோறும் செப்டம்பர் 27ஆம் நாள் உலகச் சுற்றுலா நாளாகக் கொண்டாடப்படுகிறது. உலகச் சுற்றுலா அமைப்பின் சட்டவிதிகள் 1970ஆம் ஆண்டில் அந்நாளில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டன. அதனை நினைவுகூரும் முகமாக 1980 முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. இதனையொட்டிப் பள்ளிகளில் நடந்த ஓவியப் போட்டிகள் சிலவற்றுக்கு நாம் நடுவராகச் சென்றதுண்டு. பிள்ளைகள் இரட்டைக் கோபுரத்தை வரைவார்கள், ஒராங்ஊத்தானை வரைவார்கள், வலப்பக்க மூலையில் பொன்னிற முருகன் சிலையையும் தவறாமல் வரைவார்கள். அச்சிலைக்குப் பின்னே நிற்கும் மலையை வரைந்த பிள்ளைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இக்கட்டுரை அந்த மலையைப் பற்றியது. சுற்றுலா ஒரு நாட்டுக்குத் தரும் நலன்களையும், அதனை எவ்வாறு பொறுப்புடன் கொண்டாடலாம் என்பதையும் பொதுப்படப் பேசினால் அறிவுரைப் பட்டியலாகவே முடியும். தெரிந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். நம் துறை மொழியியல். பொருளியலோ சூழலியலோ அன்று. ஆதலின் சொற்களிலிருந்தே தொடங்குகிறோம்.

சுற்றுலா என்பது சுற்று, உலா என்னும் இரண்டும் சேர்ந்த புத்தாக்கச் சொல். யாத்திரை, பிரயாணம் ஆகிய சொற்கள் வழங்கிய இடத்தில் இது வந்து நிலைத்துவிட்டது. உலா என்பது நம் இலக்கியத்தில் ஒரு சிற்றிலக்கிய வகையின் பெயருமாகும். சேரமான் பெருமாள் பாடிய திருக்கைலாய ஞான உலாவை ஆதியுலா என்பர். ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது பாடியவை மூவருலா. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவத்து மகளிர் வீட்டு வாயிலிலும் மாடத்திலும் நின்று காண்பதே அதன் அமைப்பு. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். உலாவில் நடப்பவன் காணப்படுபவன், காண்போர் அவ்வூரார். இன்றைய சுற்றுலாவில் இது தலைகீழாகிவிட்டது. நடந்து வருபவர் காண்கிறார், ஊரார் காணப்படுகின்றனர். காணப்படுவோரின் இசைவை யாரும் கேட்பதில்லை. சொல்லைக் கடன் வாங்கிய நாம் அதனுள் இருந்த உறவைத் திருப்பிப் போட்டுவிட்டோம்.

இதனினும் பழைய வகை ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீள்கின்ற கலைஞன், எதிரில் வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிகாட்டுவான். பத்துப்பாட்டில் சரிபாதி இவ்வகையினதே. அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழி ஒன்றை விரித்துரைக்கிறது. எங்கே விலங்குகளுக்குப் பொறி வைத்திருப்பர், எந்த நேரத்தில் நடக்கக் கூடாது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, எவ்வூரார் என்ன உணவு தருவர் என்பனவெல்லாம் அதில் உண்டு. வள்ளலின் பெருமைக்கு நிகராக வழியில் வாழும் மக்களுக்கும் அதில் இடம் தரப்பட்டுள்ளது. ஒருவர் வீட்டுக்குச் செல்லுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சென்று வந்தவரே சொல்லும் நூல் அது. பொறுப்பான சுற்றுலாவுக்கு இலக்கணம் தேடுவோர் ஆற்றுப்படையைப் படிக்கலாம் என்பது நம் துணிபு.

இனிச் சுற்றுலாவின் பயன். சுற்றுலாத் துறையின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மலேசியாவுக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் 26.1 மில்லியன் பேர். அவர்களால் நாட்டுக்குக் கிடைத்த வருவாய் 86.1 பில்லியன் ரிங்கிட். பெருந்தொற்றுக் காலத்து நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச் 18 அன்று தொடங்கியது. அவ்வாண்டின் வருகை 4.3 மில்லியனாகச் சரிந்தது. 2021இல் ஒன்றரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை. இவ்வெண்கள் பெரியவை, பெரியவை என்பதாலேயே மனத்தில் தங்குவதில்லை. பத்துமலை அடிவாரத்தில் பூமாலை தொடுப்பவரையும், இளநீர் வெட்டுபவரையும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பந்தி பரிமாறுபவரையும் எண்ணிக்கொண்டால் அவ்வீழ்ச்சியின் பொருள் விளங்கும். கோயில் நடை அடைந்திருந்த மாதங்களில் அந்தப் பூக்கடைகளின் பலகைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை நாம் கண்டோம். சுற்றுப்பயணிகளே வேண்டா என்று வெறுத்துப் பேசுவோர் அக்காட்சியை மறந்துவிடக் கூடாது.

பத்துமலைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் படிகளின் அடியில் நின்றிருந்தபோது, வழிகாட்டி ஒருவர் தம் குழுவினருக்கு விளக்கம் தருவதைக் கேட்க நேர்ந்தது. “பத்து என்றால் தமிழில் பத்தாம் எண், இது தமிழர்களின் பத்தாவது மலை, அதனால் இப்பெயர்” என்றார். குழுவினர் தலையசைத்துப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தனர். விளக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அவர் சொன்னது முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. இவ்விடத்தின் பெயர் அருகில் ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றையொட்டி அமைந்தது. இங்குள்ள பத்து, கல் எனப் பொருள்படும் மலாய்ச் சொல். அச்சொல் தமிழில் நுழைந்தபோது நம் ஒலியமைப்புக்கேற்ப உருமாறியது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடையே தனித்து நிற்கும் வல்லெழுத்து மென்மையாக ஒலிக்கும். ‘பது’ என்று எழுதினால் மலாய்க்காரரின் ஒலி வாராது. வல்லோசை கெடாதிருக்க எழுத்தை இரட்டிக்க வேண்டும். இதே முறையில்தான் மலாக்காவில் ககரமும் ஈப்போவில் பகரமும் இரட்டித்தன. இரட்டித்தபின் அச்சொல் நம் எண்ணுப்பெயரோடு ஒத்துப்போயிற்று. பின்னர் பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. முருகனுக்குத் தமிழகத்தில் ஆறுபடை வீடுகள். மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை ஆகியவற்றோடு சேர்த்து எண்ண, இது பத்தாவது. மக்கள் தாங்கள் வந்து குடியேறிய மண்ணைத் தங்கள் தெய்வத்தின் வரைபடத்தில் சேர்த்துக்கொண்ட வரலாறு இதில் அடங்கியிருக்கிறது. மொழியியலார் இதனை மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பர். பிழை என்று தள்ளத்தக்கதன்று அது. ஆனால் மலாய்ச் சொல் என்பதை மறைத்துவிட்டு இதனை மட்டும் சொல்வது, வீட்டுக்குரியவரின் பெயரை வாயிற்பலகையிலிருந்து அழித்துவிடுவது போன்றது.

சொற்கள் எதிர்த்திசையிலும் சென்றிருக்கின்றன. அதே அடிவாரத்தில் கடைகளின் மலாய்ப் பெயர்ப்பலகைகளில் ‘கெடாய்’ என்னும் சொல்லைக் காணலாம். அது நம் கடை. நாம் கடை என்னும்போது நடுவில் எழும் மெல்லோசையை மலாய்மொழி கேட்டவாறே ஏற்றுக்கொண்டது. கட்டிலும் பெட்டியும் சென்றபோதோ இரட்டித்த வல்லோசை ஒற்றை எழுத்தாகி ‘காத்தில்’, ‘பெத்தி’ என்றாயின. முதல் என்னும் வணிகச்சொல் ‘மொடால்’ ஆயிற்று; குளம் ‘கோலாம்’ ஆயிற்று. நம் மாணவர்களிடம் ஓர் எளிய பயிற்சியைத் தரலாம்: ஒரு தெருவில் நடந்து, அங்குள்ள பலகைகளில் தமிழிலிருந்து சென்ற சொற்களையும் தமிழுக்கு வந்த சொற்களையும் குறித்து வருக என்று சொல்லலாம். ஒரு தெருவின் நூறாண்டு வணிகம் அவர்கள் குறிப்பேட்டில் வந்துவிடும். இதற்கு நுழைவுச்சீட்டு வேண்டா.

அந்த மூன்று நிமிட விளக்கத்தில் விடுபட்டவை இன்னும் பல. இம்மலையின் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையானது எனக் கணிக்கப்பட்டுள்ளது. பூர்வகுடியினரான தெமுவான் மக்கள் இக்குகைகளை ஒதுங்கிடமாகக் கொண்டிருந்தனர். 1860களில் சீனக் குடியேறிகள் தம் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை இங்கிருந்து தோண்டி எடுத்தனர். 1878இல் அமெரிக்க இயற்கையறிஞர் வில்லியம் ஹோர்னடே எழுதிய குறிப்புகளால் இவ்விடம் வெளியுலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது. அதன்பின்னரே கே. தம்புசாமி பிள்ளை இங்கு முருகனுக்குக் கோயில் எழுப்பினார். 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. 1920இல் மரப்படிகள் அமைந்தன. பின்னர் அவை 272 கற்காரைப் படிகளாயின. 42.7 மீட்டர் உயரச் சிலை திறக்கப்பட்டது 2006ஆம் ஆண்டில்தான். ஆகவே சிலையை மட்டும் கண்டு திரும்புபவர் மிக அண்மைக்கால வரலாற்றை மட்டும் கண்டு திரும்புகிறார். பூர்வகுடியினரும் சீன உழவரும் தமிழரும் ஒருவர்பின் ஒருவராக வந்து பயன்கொண்ட மலை இது. இவ்வரலாற்றை நாமே முழுமையாகச் சொல்வதால் நமக்குரிய பெருமை எதுவும் குறைந்துவிடாது.

படிகளின் மேற்பகுதியில் பக்கவாட்டில் பிரியும் வழியொன்று இருட்டுக் குகைக்குச் செல்கிறது. லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்னும் அறிவியற்பெயரால் இம்மலையின் பெயரையே தாங்கிய பொறிக்கதவுச் சிலந்தி வாழும் இடம் அது. தன் குழிவாயிலுக்குப் பட்டிழையால் கதவு நெய்து, வாயிலைச் சுற்றி உணர்விழைகளைப் பரப்பி வைத்து, அவற்றைத் தீண்டும் சிற்றுயிரைப் பற்றும் இயல்புடையது. சிலந்தியினத்துள் மிகத் தொன்மையான கிளையைச் சேர்ந்தது. குகை இருளில் வாழும் இவ்வுயிர்களுக்கெல்லாம் வௌவால் எச்சமே உணவுச் சங்கிலியின் தொடக்கம். வௌவால் கலைந்தால் எச்சம் குறையும்; எச்சம் குறைந்தால் அதனை உண்ணும் பூச்சிகள் குறையும்; பூச்சி குறைந்தால் சிலந்திக்கு இரையில்லை. ஒளிவிளக்கும் கூச்சலும் செய்யும் கேடு இவ்வாறு படிப்படியாக இறங்குவது. உடனே கண்ணுக்குத் தெரிவதன்று. முன்பு வழிகாட்டியோடு சிறு குழுக்களாக மட்டுமே உள்ளே சென்றுவர விட்டனர். 2019இல் பொதுமக்கள் நுழைவு நிறுத்தப்பட்டது. வந்தவர்களுள் சிலர் ஏமாற்றத்தோடு திரும்பினர் என அறிவோம். நம் கருத்தில், ஓரிடத்தைப் பூட்டி வைப்பதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே. வீட்டில் விருந்தினருக்குத் திறவாத அறை ஒன்று எல்லாருக்கும் உண்டு.

படிகளின் வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குடமுழுக்கையொட்டி 272 படிகளுக்கும் பல வண்ணம் தீட்டப்பட்டது. படங்கள் உலகெங்கும் பரவின, வருவோர் கூடினர். அதே வேளையில், மரபுடைமைத் துறையின் ஒப்புதல் பெறப்பட்டதா என்னும் வினாவும் பொதுவெளியில் எழுந்தது. இதில் நம் மனம் இருபக்கமும் சாய்கிறது. கோயில் என்பது வாழும் இடம், அருங்காட்சியகம் அன்று, தம் கோயிலுக்கு வண்ணம் தீட்டிக்கொள்ளும் உரிமை வழிபடுவோருக்கு உண்டு. ஆயினும் மரபுடைமை என்று பெயர் வாங்கிக்கொண்டபின், அப்பெயர் தரும் சிறப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கட்டுப்பாட்டைத் தள்ளிவிட முடியாது. இத்தகைய வழக்குகளை மேல்நிலை வகுப்புகளில் விவாதப் பொருளாக்கலாம். முன்னரே விடை எழுதி வைத்திருக்கும் தலைப்புகளைவிட இது மாணவரைச் சிந்திக்க வைக்கும்.

தைப்பூசத்தன்று காவடி எடுப்போரைச் சூழ்ந்துகொள்ளும் படக்கருவிகளைப் பற்றி நாம் வருந்திப் பேசுவதுண்டு. விரதமிருந்து, வேண்டுதலோடு வருபவரின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் கருவியை நீட்டுவது மரியாதையாகாது. இங்கே ஆற்றுப்படைக்கு வேலை இருக்கிறது. எது வேண்டுதல், எது நேர்த்திக்கடன், அலகு குத்தும்போது ஏன் விலகி நிற்க வேண்டும், எங்கே நின்றால் வழியடைக்காமல் காணலாம், யாரிடம் கேட்டுப் படம் எடுக்கலாம் என்பனவற்றை எளிய மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு தாளில் எழுதித் தந்தால் பெரும்பாலோர் கேட்டு நடப்பர். வருபவர் பலர் முரடர் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் கிடக்கும் நெகிழிக் குவளைகளையும் உணவுப் பொதிகளையும் விட்டுச் சென்றவர்கள் வெளிநாட்டார் அல்லர். அவர்களுட் பெரும்பாலோர் நம்மவர். தண்ணீர்ப் பந்தல் வைப்பது அறம்; பந்தலின் பக்கத்தில் குப்பைத்தொட்டி வைப்பதும் அவ்வறத்தைச் சேர்ந்ததே. படியேறும் வழியில் குரங்குகளுக்குத் தின்பண்டம் நீட்டிவிட்டு, அவை பையைப் பறித்ததும் கூச்சலிடுவோரிலும் உள்ளூரார் உண்டு.

கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் இரவில் புறப்பட்டு பத்துமலை சேரும் அந்த ஒரு நாளில் மட்டும் உலா என்னும் சொல் தன் பழைய பொருளுக்கு மீள்கிறது. ஊரார் வீதியில் நின்று காண்கின்றனர்; உலா வருபவன் காணப்படுகிறான். அந்நாளில் சுற்றுப்பயணியும் ஊராரோடு ஊராராக நின்று காணலாம்.

கூட்டம் மிகுவதால் வரும் கேட்டை இதுவரை பேசினோம். யாரும் வாராமையால் வரும் கேடும் உண்டு. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிலும் ஒரு சுங்கை பத்து இருக்கிறது. சோழன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் படை செலுத்தியதாக மெய்க்கீர்த்தி கூறும் கடாரம், இக்கெடாவே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. அங்குள்ள பழங்கட்டடங்களை 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து எண்ணிட்டுப் பதிவு செய்தார். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்கும் களங்கள் வெளிப்பட்டன. இவ்வளவு சிறப்புடைய அவ்வட்டாரத்தில், பதினோராம் எண்ணிட்ட சண்டி எனப்படும் வழிபாட்டுக் கட்டடத்தின் எச்சம், தனியார் நிலத்தில் மேம்பாட்டுப் பணி நடந்தபோது இடித்து அகற்றப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதெனக் கருதப்பட்ட அடித்தளம் அது. அது போய்விட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில்தான் நாட்டினருக்குத் தெரியவந்தது. அதன்பின் கண்டனம் எழுந்தது, கட்டடம் மீளவில்லை. வாரந்தோறும் ஒரு பள்ளிப் பேருந்தாவது அங்கே போய் வந்திருந்தால், மண்வாரி இயந்திரம் வந்து நின்ற அன்றே யாரேனும் கேட்டிருப்பர். சுற்றுலாவின் மதிப்பை ரிங்கிட்டில் மட்டும் கணக்கிடுவோர் இதனை விட்டுவிடுகின்றனர். காண வருபவர் சாட்சியாகவும் இருக்கிறார்.

எனவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது, ஏற்கெனவே நிரம்பி வழியும் இடத்துக்கே மாணவரை மீண்டும் மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டா என்பதே. ஓராண்டு பத்துமலை என்றால் மறு ஆண்டு மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். பத்துமலைக்குச் செல்வதானால் கொமுட்டர் இரயிலிலேயே செல்லலாம். 2010 முதல் அது அடிவாரம் வரை செல்கிறது. பேருந்துகள் நின்று புகைவிடும் நெரிசலும் குறையும். மதிய உணவை வீட்டிலிருந்து கட்டிச் செல்லாமல் அங்குள்ள சிறுகடையில் உண்பது நன்று. சிக்கனம் கருதும் பெற்றோர் இதனை ஏற்கமாட்டார்கள் என்பது தெரியும்; இருந்தாலும் சொல்லி வைக்கிறோம்.

பணி ஓய்வுக்குச் சற்றுமுன் நம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தந்தோம். தாம் நன்கறிந்த ஓரிடத்துக்கு இரண்டு பக்க அளவில் உரைநடையில் ஆற்றுப்படை எழுத வேண்டும். இடத்தைப் புகழும் அடைமொழிகள் ஐந்துக்கு மேல் வரக்கூடாது. அங்கு வாழ்வோர் இருவரைப் பற்றியேனும் சொல்ல வேண்டும். பலர் இணையத்தில் கிடைத்ததை மாற்றி எழுதி வந்தனர். ஒரு மாணவி மட்டும் பத்துமலையைப் பற்றி வேறுவிதமாக எழுதியிருந்தார். காலை ஏழு மணிக்குமுன் ஏறினால் படி சுடாது. வெறுங்காலோடு ஏறும் பாட்டிமார் கைப்பிடியைப் பற்றி வருவார்கள், அந்தப் பக்கத்தை அவர்களுக்கு விட்டுவிட வேண்டும். கையில் வாழைப்பழம் தெரியக்கூடாது. மாலை தொடுக்கும் அக்காவிடம் விலை பேசினால் முகம் வாடும், ஆனால் பூவின் பெயரைக் கேட்டால் நின்று சொல்வார். மேற்குகையில் மழைநாளில் கூரைத்துளை வழியே நீர் சொட்டும், அதைத் துடைக்கும் பணியாளுக்கு வணக்கம் சொல்லலாம். சிலையின் உயரத்தை அவர் எழுதவில்லை. கேட்டதற்கு, அங்கே போனால் தெரிந்துவிடுமே ஐயா என்றார். முழு மதிப்பெண் கொடுத்தோம்.